நீரும் நிழலும் சுண்ணாம்பும்: செஞ்சிக் கோட்டை தரும் கட்டடப் பாடம்

(செஞ்சியில் பொதுமக்களிடமும் மாணவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சற்றே விரிவாக்கப்பட்டுள்ளது.)



செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மேலே ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். அடுத்து, "ராஜா தேசிங்கு இருந்த இடம் எது?" என்பார்கள். இரண்டும் நல்ல கேள்விகள். இன்றைக்கு மூன்றாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன்: "இங்கே இருந்த இத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது?"

சாதாரணக் கேள்விதான். ஆனா இதைக் கேட்டுக்கிட்டே கோட்டையைச் சுத்தி வந்தீங்கன்னா, மதிலும் பீரங்கியும் கொஞ்சம் பின்னால போயிடும். குளமும் சுனையும் குழாயும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். பசுமைக் கட்டடம், சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு என்றெல்லாம் இன்று பேசப்படும் விஷயங்களில் பல, இங்கே கல்லிலும் சுண்ணாம்பிலும் எப்போதோ செய்து பார்க்கப்பட்டிருப்பது புரியும்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலை 11 அன்று, பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலக மரபுக் குழுவின் 47-வது கூட்டத்தில், இந்தியாவின் மராத்திய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. இனி வருகிறவர்கள் கூடுவார்கள். விடுதி வேண்டும், கடை வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், உட்கார நிழல் வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் இந்த ஊரில் என்ன கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கோட்டையின் எதிர்காலமும், கோட்டை அடிவாரத்தில் குடியிருக்கிற உங்கள் வீட்டுக் கிணற்றின் எதிர்காலமும் இருக்கிறது.

யுனெஸ்கோ வைத்த பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். கோட்டைகள் என்று நிறுத்தாமல், நிலக்காட்சிகள் என்று சொல்லியிருக்கிறார்கள். மலை, பாறை, காடு, நீர், மதில் எல்லாம் சேர்ந்த முழு நிலம் என்று பொருள். அப்படியானால், மதிலைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. குளத்துக்கு வருகிற வாய்க்காலும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பாறையில் விழுந்த மழை

செஞ்சிக் கோட்டை ஒற்றை மலையில் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை இணைத்து, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர்.

இப்போ ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 11 சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் விழும்? 11 கோடி லிட்டர். ஒரே ஒரு சென்டிமீட்டர் மழைக்கு! ஆனால் இந்த மலைகளில் பெரும்பகுதி மொட்டைப் பாறை. மண் மாதிரி பாறை நீரைக் குடிக்காது. விழுந்த மழை நிமிடங்களில் உருண்டு கீழே வந்துவிடும். நமது பகுதிக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அந்தச் சில வாரங்களில் பிடித்து வைக்காவிட்டால், சித்திரை வெயிலில் குடிக்க ஒன்றும் இருக்காது.

கட்டியவர்கள் இந்தக் குணத்தைப் புரிந்துகொண்டு வேலை செய்திருக்கிறார்கள். மேலே, பாறையின் பள்ளங்களும் சுனைகளும் நீரைப் பிடித்து வைத்தன. அடிவாரத்தில், ஓடிவரும் நீரைத் தாங்கிக்கொள்ளக் குளங்கள் இருந்தன. செட்டிக்குளமும் சக்கரக்குளமும் ராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் இருக்கின்றன. கல்யாண மகால் பக்கம் ஆனைக்குளம் இருக்கிறது. மதிலுக்கு வெளியே அகழி. எதிரியைத் தடுக்கத்தான் அகழி என்று படித்திருப்போம். தேங்கிய நீர் நிலத்துக்குள் இறங்குவதற்கும் அதுவே இடம் கொடுக்கும்.

பாறையை அவர்கள் எதிரியாகப் பார்க்கவில்லை, ஒரு பெரிய கூரையாகப் பார்த்தார்கள். கூரையில் விழும் நீரை எங்கே இறக்குவது என்பதுதான் வேலை. இந்த நில வடிவமைப்புக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, மோட்டாரும் தேவைப்படவில்லை. சரிவு எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கும் கண் இருந்தால் போதுமானதாக இருந்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு கடுமையான சோதனையைச் சந்தித்தது என்பதற்கு வரலாறே சாட்சி. 1677-இல் சிவாஜி இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். பின்னர் அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-இல். இடையிடையே முற்றுகை தளர்ந்தது, வெளியிலிருந்து உதவியும் வந்தது என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும், இத்தனை ஆண்டு ஒரு படை தாக்குப்பிடிக்க உள்ளே நீரும் நெல்லும் இருந்தாக வேண்டும் இல்லையா?

இன்னொன்றும் பாருங்கள். கோன் வம்சத்தினர், செஞ்சி நாயக்கர்கள், பிஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. பிஜப்பூர்க்காரர்கள் ஒரு பெயர் வைத்தார்கள், முகலாயர்கள் இன்னொரு பெயர் வைத்தார்கள். பெயரும் கொடியும் மாறினாலும், வந்தவர்கள் எல்லோரும் குடித்தது இந்த மலையில் விழுந்த மழையைத்தான்.

இரண்டு கட்டடம், இரண்டு விதமான சுவர்

கீழ்க்கோட்டையில் அவசியம் பார்க்க வேண்டிய இரண்டு கட்டடங்களைச் சொல்கிறேன். ஒன்று, கல்யாண மகால். இன்னொன்று, நெற்களஞ்சியம்.

கல்யாண மகால் ஒரு சதுர முற்றத்துக்கு நடுவே எழும் அடுக்கு மாளிகை. உச்சியில் கூம்பு வடிவக் கூரை. ஒவ்வொரு தளத்திலும் அறை சிறியது, ஆனால் நான்கு பக்கமும் வளைவுத் திறப்புகள். எந்தப் பக்கம் காற்று வந்தாலும் ஒரு வழியாக நுழைந்து இன்னொரு வழியாக வெளியேறும். உயரம் கூடக் கூடக் காற்றும் கூடும். சுடுமண் குழாய் வழியாக மேல்தளங்கள் வரை தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். இதன் தத்துவம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்: உயரமான இடத்தில் தேக்கிய நீர், குழாய்க்குள் இறங்கி, மறுமுனையில் தன் பழைய மட்டத்தை நோக்கி ஏறும். தண்ணீரின் எடையே அங்கே மோட்டார்.

நெற்களஞ்சியத்துக்குப் போனால் எல்லாம் தலைகீழ். தடித்த சுவர், வளைந்த கூரை, மிகக் குறைவான திறப்புகள். உள்ளே நுழைந்ததும் குரல் எதிரொலிக்கும், உடம்பில் ஒரு குளிர்ச்சி படும். தடித்த சுவரில் வெயிலின் சூடு உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும், சுவர் மறுபடி ஆற ஆரம்பிக்கும். இதனால் உள்ளே வெப்பம் பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தானியத்துக்கு வேண்டியது அதுதான்.

மனிதனுக்குக் காற்று வேண்டும், நெல்லுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. அதனால் ஒரே கோட்டைக்குள், ஒரே வெயிலுக்குக் கீழே, ஒன்றைத் திறந்தும் இன்னொன்றை மூடியும் கட்டினார்கள். உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் சுவரை எழுப்பியிருக்கிறார்கள்.

இன்றைய அருங்காட்சியகங்களுக்கும் இந்தக் கேள்விதான் அடிப்படை. கற்சிலைக்கு நிழலும் மழைத் தடுப்பும் இருந்தால் பெரும்பாலும் போதும், தாழ்வாரத்திலேயே வைக்கலாம். வெண்கலச் சிலைக்கு ஈரக்காற்றும் உப்பும் பகை. ஓவியம், துணி, ஓலைச்சுவடி இவற்றுக்கு வெளிச்சமும் ஆகாது, அடிக்கடி மாறும் ஈரப்பதமும் ஆகாது. எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிக் கட்டடத்தில் போட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி ஓட்டினால் மின்கட்டணம் எகிறும். எதைத் திறந்து வைக்கலாம், எதை மூடி வைக்க வேண்டும் என்று பிரித்துக் கட்டினால், ஏசி தேவைப்படும் இடம் சுருங்கிவிடும்.

முட்டுக்காட்டில் பதினெட்டு வீடுகள்

இப்படி யோசித்துக் கட்டிய அருங்காட்சியகம் நம் மாநிலத்தில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. சென்னை கைவினை அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிற இந்தக் கலை அருங்காட்சியகம் 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுமார் 10 ஏக்கர் வளாகம்.

அங்கே காட்சிப்பொருள் எது, கட்டடம் எது என்று பிரிக்க முடியாது. வீடுகளே காட்சிப்பொருள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பகுதி என்று தென்னிந்தியாவின் பல வட்டாரங்களைச் சேர்ந்த 18 மரபு வீடுகள் அங்கே நிற்கின்றன. இவற்றில் பல, உரிமையாளர்களே இடிக்கத் தயாராக இருந்த வீடுகள். அவற்றை வாங்கி, பிரித்து, ஏற்றிவந்து, அந்தந்த வட்டாரத்துக் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடி எழுப்பினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

நெசவாளர் வீட்டுக்குள் போனால் தறிக்கு ஏற்ற இடம் இருக்கும். செட்டிநாட்டு வீட்டுக்குள் போனால் முற்றம் இருக்கும். மழை அதிகமான கேரளத்து வீட்டின் கூரை செங்குத்தாகச் சரியும். வெயில் எப்படி, மழை எப்படி, தொழில் என்ன என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு வட்டாரமும் சொன்ன பதிலே அதன் வீடு.

இந்த வளாகத்தின் தொடக்கத் திட்டத்துக்கு வழிகாட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, சிக்கனமாகவும் அழகாகவும் கட்டலாம் என்று நிரூபித்தவர். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாக்கினார். சாதாரணச் சுவரை விட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் இருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்து, சிமெண்ட் செலவைக் குறைக்கும் முறையையும் அவர் கையாண்டார். இவை எல்லாம் வீடு கட்டப்போகிற யாருக்கும் இன்றைக்கும் உதவும்.

உலகம் முழுவதும் வெளியேறும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து மட்டும் வருகிறது. அப்படியென்றால், நல்லா இருக்கிற பழைய சுவரை இடிச்சுட்டு அதே இடத்துல புதுச் சுவர் எழுப்பும்போது, எத்தனை சோலார் தகடு மாட்டினாலும் அந்தக் கணக்கு உடனே நேராகாது. கட்டடத் துறையில் பெரிய சிக்கனம், இருக்கிறதை இடிக்காமல் பயன்படுத்துவதுதான். செஞ்சியில் நான் உங்களிடம் சொல்ல வந்த ஒரே விஷயமும் இதுதான்.

இடம் மாறிய தூண்கள்

தட்சிணசித்ராவின் வீடுகள் இடம் மாறியும் வாழ்கின்றன. இடம் மாறிய எல்லாவற்றுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதற்கும் செஞ்சியே உதாரணம்.

கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. நாயக்கர் காலத்துச் சிற்ப வேலைக்குப் பேர்போனது. பிரெஞ்சுக்காரர்கள் 1750 முதல் 1761 வரை செஞ்சியை வைத்திருந்தார்கள். அந்தக் கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டன. இன்று புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமாக நிற்கின்றனவே கல்தூண்கள், அவை செஞ்சித் தூண்கள்தான். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிற பலருக்கு அது தெரியாது. தூண் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தாங்கிய கூரை இல்லை, அதன் பக்கத்தில் நின்ற தூண் இல்லை, அந்த மண்டபத்தின் நிழலும் இல்லை.

கல்லை மட்டும் காப்பாற்றினால் கலை முழுதாகக் காப்பாற்றப்பட்டதாக ஆகாது. தட்சிணசித்ராவில் வீட்டோடு அதைக் கட்டிய கைவினைஞரும், அந்த வீட்டின் வாழ்க்கைமுறை பற்றிய விளக்கமும் சேர்ந்து வந்தன. இங்கே தூண் மட்டும் போனது. செஞ்சியில் இன்னும் மிச்சமிருப்பவை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சேவைத் தகவலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, வயலில் உழும்போதோ சிலை, காசு, பானை, கல்வெட்டு எது கிடைத்தாலும் உடனே கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தெரிவிப்பது கடமை, மறைப்பது குற்றம். கிடைத்த பொருளை நீங்களே கழுவவோ, தேய்க்கவோ, இடம் மாற்றவோ வேண்டாம். எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதிலும் வரலாறு இருக்கிறது.

கோட்டைக்குப் பக்கத்தில் வீடு

இப்போ நேரடியா உங்க பிரச்சினைக்கு வருவோம். "ஊருக்குப் பெருமைதான் சார், ஆனா என் வீட்டுக் கூரை ஒழுகுது. கை வைக்கவே பயமா இருக்கு" என்று கோட்டைக்கு அருகில் குடியிருக்கிறவர் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வருகிறவர் மாலையில் திரும்பிவிடுவார். அதன் விதிகளோடு தினமும் வாழ்வது நீங்கள்தான். ஆகவே விதி என்ன என்று தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களுக்கு, 2010-இல் திருத்தப்பட்ட பண்டைய நினைவுச்சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள் சட்டம் பொருந்தும். அதன்படி:

• பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. இங்கே புதிய கட்டடம் கட்ட முடியாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம்.

• அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை, அதாவது எல்லையிலிருந்து மொத்தம் 300 மீட்டர் வரை, ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இங்கே அனுமதி பெற்றுப் புதிதாகவும் கட்டலாம், பழுதும் பார்க்கலாம்.

• தடை செய்யப்பட்ட பகுதியில் விதியை மீறிக் கட்டினால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அனுமதிக்கு, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இடத்தின் உரிமை ஆவணம், கட்டட வரைபடம், தற்போதைய கட்டடத்தின் புகைப்படங்கள் போன்றவற்றை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். மேஸ்திரியிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விண்ணப்பித்துவிடுங்கள். கட்டிய பிறகு கேட்பதை விட, கட்டும் முன் கேட்பது எப்போதும் மலிவு. பேரூராட்சியின் கட்டட அனுமதி தனி, இந்த அனுமதி தனி என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பழுதுபார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உங்களுடையது சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடாக இருந்தால், அதன் மேல் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், பிறகு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கொஞ்ச காலத்தில் உப்புப் பூக்கும், பூச்சு உப்பிக்கொண்டு விழும், செங்கல்லும் அரிக்கும். பிறகு "பழைய சுவர், தாங்காது" என்று சுவர் மீது பழியைப் போடுவோம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பை அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் இரண்டு இளைஞர்களை வேலை கற்றுக்கொள்ள அனுப்புங்கள். கோட்டைக்கும் அந்தக் கை வேண்டும், உங்கள் வீட்டுக்கும் வேண்டும்.

திண்ணையையும் முற்றத்தையும் முடிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, தெருப்பக்கச் சுவரின் மேல் வெயில் நேராக விழாமல் தடுக்கிறது. முற்றம், வீட்டுக்குள் தேங்கும் சூடான காற்றை மேலே அனுப்புகிறது. கல்யாண மகாலின் வேலையைத்தான் சிறிய அளவில் நம் வீடுகள் செய்துகொண்டிருந்தன.

வருகிறவர்களுக்காக எதைச் செய்வது?

சுற்றுலா வளரும்போது நல்ல எண்ணத்தோடேயே சில தவறுகள் நடந்துவிடுவதுண்டு. இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று தரை முழுக்க சிமெண்ட் போடுவது ஒன்று. அழகாக இருக்கட்டும் என்று புல்வெளி வைப்பது இன்னொன்று.

தரை முழுக்க சிமெண்ட் போட்டால், மலையிலிருந்து இறங்கும் நீர் மண்ணுக்குள் போகாது. குளத்துக்குப் போகாமல் சாலைக்குப் போகும். மதியத்தில் அந்தத் தரையில் நடக்கவும் முடியாது. புல்வெளிக்கு தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆனாலும் அது நிழல் தராது. அதற்குப் பதில் புங்கன், வேம்பு, இலுப்பை, அரசு போன்ற நம் மண்ணின் மரங்களை வைத்தால், முதல் சில ஆண்டு மட்டும் கவனித்தால் போதும். பிறகு அவை நமக்கு நிழல் கொடுக்கும். மதிலுக்கும் பழைய சுவருக்கும் ஒட்டி ஆலும் அரசும் முளைக்க மட்டும் விடக்கூடாது, வேர் கல்லைப் பிளந்துவிடும். மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே உரிய தூரம் விடுவதும் நில வடிவமைப்பில் ஒரு பகுதிதான். வண்டி நிறுத்துமிடத்துக்கு நீர் இறங்கும் வகையில் இடைவெளி விட்ட கல் பாவினால் போதும்.

கோட்டை வளாகத்துக்குள் எந்த வேலையும் இந்தியத் தொல்லியல் துறை வழியாகவே நடக்க வேண்டும். மரம் நடுவது, குளத்தைத் தூர்வாருவது போன்ற நல்ல காரியமாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். வளாகத்துக்கு வெளியே, ஊருக்குள் இருக்கும் வாய்க்கால் அடைப்பு, குளக்கரையில் குப்பை, மழைநீர் வடிகால் இவற்றுக்குப் பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால் முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-ஐ அழைக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். மனுவில், எந்தத் தெரு, எந்த வாய்க்கால், எந்த இடத்தில் அடைப்பு என்று தெளிவாக எழுதி, புகைப்படமும் இணைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு வீடூர் அணை வழியாகப் புதுச்சேரி வரை போகிறது. இங்கே ஓடையில் போடுகிற பிளாஸ்டிக் பை நம்ம ஊரோடு நின்றுவிடாது. தூண்களுக்குப் பிறகு குப்பையையும் புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தோம் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

வீட்டில் தொடங்கலாம்

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது பல வீடுகளில் குழாய் இறக்கினார்கள், குழி வெட்டினார்கள். இன்று அந்தக் குழியில் மண் மூடியிருக்கலாம், குழாய் உடைந்திருக்கலாம், மேலே டைல்ஸ் போட்டிருக்கலாம். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். அது கிட்டத்தட்ட ஒரு மாடித் தொட்டி நிறையும் அளவு. அதைத் தெருவில் விட்டுவிட்டு, கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம்.

நாயக்கர் காலத்தில் சுனைக்கும் குளத்துக்கும் பொறுப்பு அரண்மனையுடையது. இன்று உங்கள் மாடியில் விழும் மழைக்குப் பொறுப்பு நீங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு ராஜாவுக்கு இருந்த அதிகாரம் அந்த 1,000 சதுர அடிக்குள் உங்களுக்கும் இருக்கிறது.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அடுத்த முறை கோட்டைக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். எந்தச் சரிவில் விழும் நீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்து பாருங்கள். சுவரில் பெயர் எழுதுவதை விட அந்தப் படம் உங்களை நாலு பேருக்குத் தெரிய வைக்கும். சுவரில் எழுதினால் வழக்குதான் வரும். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு சின்ன வேலை தருகிறேன். அடுத்த மழை பெய்யும்போது, டிவியை நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் குடையோடு வாசலில் நில்லுங்க. உங்க மாடியில விழுற தண்ணி எங்கே போகுதுன்னு பாருங்க. குழிக்குப் போனா நல்லது. தெருவுக்குப் போனா, மறுநாளே ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்க. ஆகிற செலவு ஒரு குழாய், ஒரு வளைவு, அரை நாள் கூலி.